எட்வர்டு கார்சன்

எட்வர்டு கார்சன் (9 பிப்ரவரி 1854 – 22 அக்டோபர் 1935) அயர்லாந்தைச் சேர்ந்த வழக்கறிஞர், அரசியல் தலைவர், நீதிபதி. ஆஸ்கார் வைல்டு தொடுத்த அவதூறு வழக்கில் எதிர்த்தரப்புக்காக வாதாடியவர். 1910 முதல் 1921 வரை ஒன்றியவாதிகளின் தலைவராக இருந்தார். அயர்லாந்து முழுவதும் பிரிட்டனோடு இணைந்தே இருக்கவேண்டும் என்பது அவருடைய அரசியல் நோக்கம். அதற்காக அவர் நடத்திய போராட்டம் அயர்லாந்து இரண்டாகப் பிரிவதில் முடிந்தது. வட அயர்லாந்தை உருவாக்கியவர் என்று இன்று அவர் பெயர் சொல்லப்படுகிறது. ஆனால் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு தனி நாடாளுமன்றம் வேண்டும் என்பது ஒருபோதும் அவருடைய கோரிக்கையாக இருந்ததில்லை.

பின்னணி

1801 முதல் அயர்லாந்து பிரிட்டனுடன் ஒரே அரசாக இணைக்கப்பட்டிருந்தது. டப்ளினில் இருந்த நாடாளுமன்றம் மூடப்பட்டு, அயர்லாந்தின் உறுப்பினர்கள் லண்டன் சென்றார்கள். நாட்டின் மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கத்தோலிக்கர். நிலவுடைமையும் அரசுப் பதவிகளும் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் சிறுபான்மையினரிடம் இருந்தன. வடக்கே அல்ஸ்டர் மாகாணத்தின் நிலைமை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தோர் அங்கே பெருந்தொகையாக வாழ்ந்தனர். விவசாயிகள், நெசவாளர்கள், கப்பல் கட்டும் தொழிலாளர்கள் என எல்லா நிலையிலும் புராட்டஸ்டன்ட் மக்கள் அங்கே இருந்தார்கள்.

1870 முதல் அயர்லாந்துக்கு உள்நாட்டு நிர்வாகத்தை மட்டும் கவனிக்கும் ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்ற இயக்கம் வளர்ந்தது. அதற்கு 'ஹோம் ரூல்' என்று பெயர். பிற்காலத்தில் அன்னி பெசன்ட் சென்னையில் தொடங்கிய இயக்கத்துக்கு இங்கிருந்தே பெயர் எடுத்துக்கொண்டார். பிரதமர் கிளாட்ஸ்டன் 1886லும் 1893லும் கொண்டுவந்த இரண்டு தன்னாட்சி மசோதாக்கள் தோற்றன. அந்த மசோதாக்களை எதிர்த்து, பிரிட்டனோடு உள்ள ஒன்றியத்தைக் காக்க முனைந்தவர்களே ஒன்றியவாதிகள் எனப்பட்டனர்.

இளமை

கார்சன் அல்ஸ்டர்காரர் அல்லர். டப்ளின் நகரின் ஹார்கோர்ட் தெருவில் பிறந்தவர். தந்தை கட்டடக்கலைஞர். தாய் இசபெல்லா லாம்பர்ட், மேற்கே கால்வே பகுதியின் நிலவுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். போர்ட்டார்லிங்டன் பள்ளியிலும் பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். கல்லூரியில் அயர்லாந்தின் மரபான மட்டையாட்டமான ஹர்லிங் விளையாடினார். டப்ளின் உச்சரிப்பு கடைசிவரை அவர் பேச்சில் மாறவில்லை. லண்டன் நீதிமன்றங்களில் அதுவே அவருடைய அடையாளமாகவும் ஆயிற்று.

1877ல் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொண்டார். 1881ன் நிலச்சட்டம் குத்தகைத் தொகையை நிர்ணயிக்கும் நீதிமன்றங்களை ஏற்படுத்தியபோது, குத்தகை விவசாயிகளுக்காக வாதாடித் தொழிலில் காலூன்றினார். சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பக்கத்தில் நின்றார். 1887ல் ஆர்தர் பால்ஃபர் அயர்லாந்தின் தலைமைச் செயலாளராக வந்து, குத்தகை மறுப்புப் போராட்டத்தை ஒடுக்கக் கடுமையான குற்றவியல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அச்சட்டத்தின்கீழ் அரசுத்தரப்பில் வழக்கு நடத்தியவர்களுள் கார்சன் முதன்மையானவர். அதே ஆண்டு செப்டம்பரில் மிட்செல்ஸ்டவுன் ஊரில் கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டதில் மூவர் இறந்தனர். விவசாயிகளின் தலைவர் வில்லியம் ஓபிரையன்மீதான வழக்குக்காகக் கார்சனும் அன்று அந்த ஊரில் இருந்தார். தேசியவாதிகள் அவரை 'அடக்குமுறைக் கார்சன்' என்று அழைத்தனர். பால்ஃபரோ இவரைத் தூக்கிவிட்டார். 1892ல் அயர்லாந்தின் சொலிசிட்டர் ஜெனரல் பதவி கிடைத்தது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பட்டதாரிகள் வாக்களிக்கும் டப்ளின் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1918 வரை அத்தொகுதி அவரிடமே இருந்தது.

வைல்டு வழக்கு

1893ல் லண்டனிலும் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற கார்சனை இரண்டே ஆண்டுகளில் நாடறியச் செய்தது ஒரு வழக்கு. நாடகாசிரியர் ஆஸ்கார் வைல்டு, தம்மைப் பற்றி இழிவாக எழுதிய அட்டை ஒன்றைத் தம் மன்றத்தில் விட்டுச்சென்ற குவீன்ஸ்பரி பிரபுமீது அவதூறு வழக்குத் தொடுத்தார். தம் மகன் ஆல்ஃபிரட் டக்ளஸுடன் வைல்டு கொண்டிருந்த உறவே குவீன்ஸ்பரியின் கோபத்துக்குக் காரணம். பிரபுவுக்காக வாதாட வந்தவர் கார்சன். கார்சனும் வைல்டும் ஒரே ஆண்டில், ஒரே நகரில் பிறந்தவர்கள். டிரினிட்டியில் ஒரே காலத்தில் படித்தவர்கள். அதனாலேயே வழக்கை ஏற்க முதலில் கார்சன் தயங்கினார்.

1895 ஏப்ரல் 3 அன்று விசாரணை தொடங்கியது. வைல்டு தம் வயதை முப்பத்தொன்பது என்று சொல்லியிருந்தார். கார்சனின் முதல் கேள்வியே அதைப் பற்றியது. நாற்பது கடந்துவிட்டதை வைல்டு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அற்பமான பொய்தான். ஆனால் இவர் உண்மை சொல்பவர் அல்லர் என்ற எண்ணம் அந்த நிமிடமே ஜூரிகளின் மனத்தில் விழுந்தது. வைல்டின் எழுத்துகளைப் பற்றிய கேள்விகளில் வைல்டின் கையே ஓங்கியிருந்தது. அவருடைய பதில்களுக்கு அவையினர் சிரித்தார்கள். கார்சன் அதற்கு அசையவில்லை. இலக்கியத்தை விட்டு, பணியாளர்களான இளைஞர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். அவர்களுள் ஒருவனை முத்தமிட்டதுண்டா என்று கேட்டபோது, அவன் அழகற்றவன் என்ற பொருள்பட வைல்டு வேடிக்கையாகப் பதில் சொன்னார். முத்தமிடாததற்கு அதுதான் காரணமா என்று கார்சன் திரும்பத் திரும்பக் கேட்டார். வைல்டு தடுமாறிய இடம் அது.

ஏப்ரல் 5 அன்று வைல்டு தரப்பு வழக்கைத் திரும்பப் பெற்றது. அன்று மாலையே வைல்டு கைது செய்யப்பட்டார். மே மாதம் அவருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்தக் குற்றவழக்குகளில் கார்சன் பங்கேற்கவில்லை. அவர் போதுமான அளவு துன்பப்பட்டுவிட்டார், விட்டுவிடுங்கள் என்று அரசு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டதாக அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். வைல்டைச் சிறைக்கு அனுப்பியது சட்டம்தான். அந்தச் சட்டத்தின் கைக்கு அவரைக் கொண்டுசேர்த்தது கார்சனின் குறுக்கு விசாரணை. பிற்காலத்துப் பரிவு அதை மாற்றிவிடாது.

ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டர்

1900ல் இங்கிலாந்தின் சொலிசிட்டர் ஜெனரலாகி 'சர்' பட்டம் பெற்றார். 1905 வரை அப்பதவியில் இருந்தார். பின்னர் மீண்டும் தனியார் வழக்குகளை எடுத்தபோது பெருந்தொகை ஊதியம் பெறும் வழக்கறிஞர்களுள் ஒருவரானார். சோப்பு உற்பத்தியாளர் லீவர் நிறுவனத்துக்கு 1907ல் ஒரு நாளிதழிடமிருந்து 50,000 பவுண்டு இழப்பீடு வாங்கிக்கொடுத்தார். அடிமைகள் விளைவித்த கோக்கோவை வாங்கியது பற்றி எழுதிய பத்திரிகைமீது காட்பரி நிறுவனம் தொடுத்த வழக்கில், 1909ல், பத்திரிகைத் தரப்பில் நின்றார். ஜூரிகள் காட்பரிக்கு ஆதரவாகவே தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் இழப்பீடாகக் கொடுத்தது கால் பென்னி.

இவற்றைவிட அதிகம் நினைவுகூரப்படுவது ஒரு சிறுவனின் வழக்கு. ஆஸ்பர்ன் கடற்படைக் கல்லூரியில் பயின்ற பதின்மூன்று வயது ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ, 1908 அக்டோபரில், சக மாணவனின் ஐந்து ஷில்லிங் போஸ்டல் ஆர்டரைத் திருடிக் காசாக்கினான் என்று வெளியேற்றப்பட்டான். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. கையெழுத்து நிபுணர் ஒருவரின் கருத்தும் அஞ்சலகப் பெண்மணியின் நினைவும் மட்டுமே சான்றுகள். சிறுவனைத் தாமே துருவித் துருவிக் கேள்வி கேட்டபின் அவன் குற்றமற்றவன் என்று கார்சன் நம்பினார்.

நம்பினாலும் வழக்குத் தொடுக்க வழியில்லை. கடற்படை மாணவன் மன்னரின் பணியில் இருப்பவன். மன்னர்மீது வழக்குப் போட முடியாது. கார்சன் 'உரிமை மனு' என்ற பழைய நடைமுறையைக் கையில் எடுத்தார். மன்னரிடம் விண்ணப்பித்து, அவர் இசைவு தந்தால் நீதிமன்றம் விசாரிக்கலாம். அரசுத்தரப்பு இரண்டாண்டுகள் தடை எழுப்பிப் பார்த்தது. 1910 ஜூலை இறுதியில் ஒருவழியாக விசாரணை நடந்தது. எதிரே நின்றவர் சொலிசிட்டர் ஜெனரல் ரூஃபஸ் ஐசக்ஸ். ரெடிங் பிரபு என்ற பெயரில் பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்தவர் இவரே. காசு வாங்கியவன் இந்தச் சிறுவன்தான் என்று உறுதியாகச் சொல்லமுடியாத நிலைக்கு அஞ்சலகப் பெண்மணியைக் கார்சனின் கேள்விகள் கொண்டுவந்தன. நான்காம் நாள் அரசு பின்வாங்கி, சிறுவன் குற்றமற்றவன் என்று அறிவித்தது. மறு ஆண்டு குடும்பத்துக்குச் செலவும் இழப்பீடுமாக 7,120 பவுண்டு வழங்கப்பட்டது.

ஜார்ஜ் 1914 அக்டோபரில் ஈப்ர் போர்க்களத்தில் பத்தொன்பது வயதில் இறந்தான். டெரன்ஸ் ராட்டிகனின் 'தி வின்ஸ்லோ பாய்' நாடகம் (1946) இவ்வழக்கை ஒட்டி எழுதப்பட்டது.

அல்ஸ்டரின் தலைவர்

ஒரு சிறுவனுக்காக அரசைச் சட்டத்தின்முன் நிறுத்திய அதே 1910ல்தான் கார்சன் ஒன்றியவாதிகளின் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டு நிறைவேறிய நாடாளுமன்றச் சட்டம் பிரபுக்கள் சபையின் தடுப்பதிகாரத்தைப் பறித்தது. இனிப் பிரபுக்கள் ஒரு மசோதாவைத் தாமதப்படுத்தலாம், தடுக்க இயலாது. 1912 ஏப்ரலில் அஸ்குவித் அரசு மூன்றாம் தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்தது. சட்டப்படி அது நிறைவேறுவது உறுதி என்று கார்சனுக்குத் தெரியும்.

எனவே சட்டத்துக்கு வெளியே ஒரு வழி தேடப்பட்டது. பெல்ஃபாஸ்ட் அரசியல்வாதி ஜேம்ஸ் கிரெய்க் அமைப்பாளர். கார்சன் முகமும் குரலும். 1912 செப்டம்பர் 28 அன்று பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தில் 'அல்ஸ்டர் உடன்படிக்கை'யில் முதல் கையொப்பத்தைக் கார்சன் இட்டார். தன்னாட்சியைத் தோற்கடிக்கத் தேவைப்படும் எல்லா வழிகளையும் பயன்படுத்துவோம் என்பது அதன் உறுதிமொழி. 2,37,368 ஆண்கள் அதில் கையெழுத்திட்டனர். பெண்களுக்குத் தனியே வைக்கப்பட்ட உறுதிமொழியில் 2,34,046 பேர் கையெழுத்திட்டனர்.

1913 ஜனவரியில் அல்ஸ்டர் தொண்டர் படை தொடங்கியது. தன்னாட்சி வந்தால் அல்ஸ்டரை ஆள ஒரு தற்காலிக அரசும் தயாராயிற்று. 1914 மார்ச்சில், அல்ஸ்டருக்கு எதிராகச் செல்ல ஆணையிட்டால் பதவி விலகுவோம் என்று கர்ரா முகாமின் ஐம்பதுக்கும் மேற்பட்ட படை அதிகாரிகள் தெரிவித்தனர். ஏப்ரல் 24 இரவு, ஜெர்மனியில் வாங்கிய ஏறத்தாழ 25,000 துப்பாக்கிகள் லார்ன் துறைமுகத்திலும் அருகிலுள்ள துறைகளிலும் இறக்கப்பட்டன.

முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல் ஒருவர் பொதுமேடையில் நின்று, தாம் செய்வது சட்டவிரோதமாக இருக்கலாம் என்று மறைக்காமல் சொன்னார். அரசு வழக்குத் தொடுக்க எண்ணி, பின்னர் கைவிட்டது. அவரைக் கைது செய்தால் அல்ஸ்டர் தீப்பற்றும் என்று அஸ்குவித் அஞ்சினார்.

கார்சனின் கணக்கு ஒரு வழக்கறிஞரின் கணக்கு. அல்ஸ்டர் இல்லாமல் தன்னாட்சி அரசு பொருளாதார அளவில் நடக்காது. ஆகவே அல்ஸ்டர் மறுத்தால் திட்டம் முழுவதும் கவிழும் என்று எண்ணினார். அல்ஸ்டர் அவருக்கு ஓர் ஆயுதம். காக்க விரும்பியது அயர்லாந்து முழுவதையும், தாம் பிறந்த டப்ளின் உட்பட. ஆனால் கிரெய்க்குக்கும் கையெழுத்திட்ட லட்சக்கணக்கானோருக்கும் அல்ஸ்டர்தான் நோக்கமே. இந்த வேறுபாடு அன்றைய கூட்டங்களின் ஆரவாரத்தில் வெளியே தெரியவில்லை.

இன்னொன்றும் கணக்கில் வரவில்லை. வடக்கின் முன்மாதிரியைப் பார்த்து 1913 நவம்பரில் டப்ளினில் தேசியவாதிகள் 'ஐரிஷ் தொண்டர்கள்' படையைத் தொடங்கினர். அதன் ஒரு பிரிவு 1916ல் ஈஸ்டர் கிளர்ச்சியில் இறங்கியது. கிளர்ச்சிக்கு ஜெர்மனியிடம் ஆயுதம் பெற முயன்றதற்காக ரோஜர் கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான வழக்கை நடத்தியவர் எஃப். இ. ஸ்மித். இரண்டாண்டுகளுக்கு முன் கார்சனுக்கு வலக்கையாக அல்ஸ்டர் மேடைகளில் முழங்கியவர் அவர். கேஸ்மென்ட் தம் கடைசி உரையில் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்.

போரும் பிரிவினையும்

முதல் உலகப்போர் தொடங்கியதும் தன்னாட்சிச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, போர் முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அல்ஸ்டர் தொண்டர்கள் பெருமளவில் பிரிட்டிஷ் படையின் 36ஆம் டிவிஷனில் சேர்ந்தனர். 1916 ஜூலை 1 அன்று சோம் போர்க்களத்தில் அந்த டிவிஷன் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. அந்த ரத்தக்கடன் பின்வந்த பேச்சுவார்த்தைகள் எல்லாவற்றிலும் ஒரு தரப்பாக உட்கார்ந்திருந்தது.

கார்சன் 1915ல் சில மாதங்கள் அட்டர்னி ஜெனரலாகவும், 1916 டிசம்பர் முதல் 1917 ஜூலை வரை கடற்படை அமைச்சராகவும் இருந்தார். அமைச்சராக அவர் பெரிதாகச் சாதிக்கவில்லை. எதிர்ப்பதில் இருந்த திறமை நிர்வகிப்பதில் இல்லை.

1916ல் லாயிட் ஜார்ஜ் நடத்திய பேச்சுவார்த்தையில்தான் உடன்படிக்கை உடைந்தது. அல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் கேவன், மோனகன், டோனகல் மூன்றிலும் கத்தோலிக்கர் மிகப் பெரும்பான்மையினர். அவற்றை விட்டுவிட்டு ஆறு கவுண்டிகளை மட்டும் காப்பாற்றிக்கொள்ளக் கார்சன் தம் கட்சியினரை இணங்கவைத்தார். அந்த மூன்று கவுண்டிகளின் ஒன்றியவாதிகளும் 1912ல் கையெழுத்திட்டவர்களே. அப்போது நடைபெறாத அத்திட்டம் 1920ன் அயர்லாந்து அரசுச் சட்டத்தில் திரும்பி வந்தது. ஆறு கவுண்டிகளுக்குப் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு நாடாளுமன்றம் ஏற்படுத்தப்பட்டது. ஹோம் ரூலுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியவர்களுக்கே ஹோம் ரூல் கிடைத்தது.

இதற்கிடையே 1919ன் தொடக்கத்தில் கார்சன் நடத்திய ஒரு வழக்கு இந்திய வரலாற்றோடு தொடர்புடையது. பத்திரிகையாளர் வாலன்டைன் சிரோல் தம் 'இந்தியன் அன்ரெஸ்ட்' நூலில் பால கங்காதர திலகரை வன்முறைக்குக் காரணமானவர் என்று எழுதியிருந்தார். திலகர் லண்டனில் அவதூறு வழக்குத் தொடுத்தார். திலகருக்காக ஜான் சைமன் வாதாடினார்; பின்னாளில் சைமன் குழுவுடன் இந்தியா வந்தவர் இவர். சிரோலுக்காகக் கார்சன் வந்தார். திலகரின் எழுத்துகளையே எடுத்துவைத்து அவரை நீண்டநேரம் குறுக்கு விசாரணை செய்தார். போர் முடிந்த வெற்றிக்களிப்பில் இருந்த லண்டன் ஜூரிகள் திலகருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். பெருஞ்செலவும் அவர் தலையில் விழுந்தது. எழுத்தாலும் பேச்சாலும் மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டினார் என்று திலகரைச் சாடிய வழக்கறிஞர், ஐந்தாண்டுகளுக்கு முன் துப்பாக்கி ஏந்திய ஒரு படையை அணிவகுத்துப் பார்வையிட்டவர்.

கடைசிக் காலம்

வட அயர்லாந்தின் முதல் பிரதமர் பதவி கார்சனை நாடி வந்தது. அவர் ஏற்கவில்லை, கிரெய்க் பிரதமரானார். 1921 பிப்ரவரியில் தலைமையிலிருந்து விலகும்போது, கத்தோலிக்கச் சிறுபான்மையினர் அஞ்ச எதுவும் இல்லை என்பதை முதலிலிருந்தே காட்டுங்கள் என்று கட்சியினரிடம் கேட்டுக்கொண்டார். அதன்பின் அரை நூற்றாண்டு நடந்த ஆட்சி அந்த வேண்டுகோளைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு உயர்நிலை மேல்முறையீட்டு நீதிபதியாகவும் பிரபுக்கள் சபை உறுப்பினராகவும் ஆனார். டிசம்பரில் கையெழுத்தான ஆங்கில–ஐரிஷ் ஒப்பந்தம் தெற்கின் இருபத்தாறு கவுண்டிகளைத் தனி அரசாக்கியது. ஒப்பந்தத்தை முன்னின்று முடித்தவர்களுள் அவருடைய பழைய நண்பர் ஸ்மித்தும் ஒருவர். டிசம்பர் 14 அன்று பிரபுக்கள் சபையில் தம் முதல் உரையை ஆற்றிய கார்சன், தாம் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறோம் என்றார். தாமும் அல்ஸ்டரும் அயர்லாந்தும் பழமைவாதக் கட்சி அதிகாரத்துக்கு வருவதற்கான அரசியல் விளையாட்டில் வெறும் பொம்மைகளாக இருந்ததாகக் கசந்து பேசினார். பதவியில் இருக்கும் நீதிபதி இப்படி அரசியல் பேசலாமா என்ற கண்டனம் எழுந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. 1929 வரை நீதிபதியாக இருந்தார்.

ஸ்டார்மன்ட் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் அவருடைய வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. ஒரு கையை உயர்த்திப் பேசும் நிலையில் அமைந்த அச்சிலையின் திறப்புவிழாவில் கார்சனும் கலந்துகொண்டார். 1935 அக்டோபர் 22 அன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தம் வீட்டில் காலமானார். உடல் போர்க்கப்பலில் பெல்ஃபாஸ்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசு மரியாதையுடன் புனித ஆன் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக்குள் ஆறு கவுண்டிகளிலிருந்தும் எடுத்துவந்த மண் தூவப்பட்டது. டப்ளின் மண் அதில் இல்லை.